ஸ்வானேத்தியின் கோபுரக் கிராமங்கள்

ஸ்வானேத்தியின் கோபுரக் கிராமங்கள்: ஜார்ஜியா தேசத்தின் வடமேற்கே, காக்கசஸ் பர்வதங்களின் இடையில், இங்குரி நதியின் மேற்பள்ளத்தாக்கில் அமைந்து, மத்திய காலத்துக் கல் கோபுர வீடுகளால் பிரசித்தி பெற்ற மலையூர்கள். மெஸ்தியா இவற்றின் தலைமை ஊர். உஷ்குலி, சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் ஷ்காரா சிகரத்தை நோக்கி நிற்கும் சிற்றூர்த் தொகுதி.

பெரும்பாலும் 9 முதல் 12ஆம் நூற்றாண்டு வரையில் எழுந்த இக்கோபுரங்கள், மூன்று முதல் ஐந்து நிலைகள் உடையனவாய், மேலே செல்லச்செல்லச் சுவரின் கனம் குறைந்து, இரண்டடுக்கு வீட்டை ஒட்டி நின்று, அந்நியர் படையெடுப்பில் மட்டுமன்றி, குலங்களுக்கிடையே தலைமுறை தோறும் நீடித்த இரத்தப் பழியிலும் குடும்பத்தாருக்குப் புகலிடமாயின. கோபுரங்கள் இத்தனை பெருகியமைக்குப் பின்னதே பிரதான காரணம் எனக் கருத இடமுண்டு. வீட்டின் கீழ்த்தளத்தில் மனிதரும் கால்நடைகளும் சேர்ந்தே குளிர்காலத்தைக் கழித்தனர்; மேல்தளம் கோடை வாசத்துக்கும் தீவனச் சேமிப்புக்கும் உரியது.

சமவெளியில் யுத்தம் நேர்ந்த காலங்களில் ஜார்ஜியத் தேவாலயங்களின் திருவுருவங்களும் பொக்கிஷங்களும் இங்கே கொணர்ந்து ரட்சிக்கப்பட்டன; அவற்றுட் சிலவற்றை மெஸ்தியா அருங்காட்சியகத்தில் காணலாம். ஸ்வான் மொழி, ஜார்ஜிய மொழியோடு உறவுடையதாயினும், எழுத்து மரபு அற்றது. 1996இல் மேல் ஸ்வானேத்தி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கனத்த பனியால் குளிர்காலத்தில் உஷ்குலிப் பாதை தடைபடுமாதலால், யாத்திரிகருக்கு உகந்த பருவம் கோடையே.