குருதி சிந்தாத ஆயுதம்

கற்பனைப் பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களில் சில மாலைகளைக் கழித்தவர்களுக்கு இக்காட்சி பழக்கமானதுதான். மேசையைச் சுற்றி நால்வர். ஒருவர் போர்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர், நான்காமவர் சமயகுரு. குகையின் ஆழத்தில் அரக்கனை வீழ்த்திய பின் பொற்குவியலினிடையே மந்திரவாள் ஒன்று கிடைக்கிறது. குருவாக ஆடுபவர் கை நீட்டுகிறார். ஆட்டத்தை நடத்துபவர் மறுக்கிறார். குருமார் வாளேந்தலாகாது. அவர்களுக்கென விதிக்கப்பட்டவை கதை, தடி, சம்மட்டி, கைக்கோல், பிறகு ‘பிளெயில்’ எனப்படும் சங்கிலியில் சுழலும் இரும்புருண்டை. காரணம் கேட்டால் விடை ஆயத்தமாக இருக்கும்: இடைக்கால ஐரோப்பாவில் குருமார் குருதி சிந்தலாகாது என்பது திருச்சபையின் விதி, ஆகவே அவர்கள் கூரற்ற ஆயுதங்களால் போரிட்டார்கள்.

நாமும் நெடுங்காலம் இதை வரலாறென்றே நம்பியிருந்தோம். கதையால் அடிபட்ட மண்டையிலிருந்து வேறென்ன வழியும் என்று கேட்கத் தோன்றவில்லை. (தமிழில் ‘கதை’க்கு இரு பொருள் இருப்பது இவ்விடத்தில் நமக்கு வசதியாயிற்று.)

இவ்விதி பிறந்த இடம் மடாலயமன்று. அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாடிய நண்பர் குழாங்கள். கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971இல் வெளியிட்ட விதிநூலின் பெயரே ‘செயின்மெயில்’, அதாவது வளையக் கவசம். கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரின் பெயரில் 1974இல் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ வந்தது. அதிலுள்ள குரு, ஆர்னசன் நடத்திவந்த ‘பிளாக்மூர்’ ஆட்டத்தில், அளவுக்கு மீறி வலுப்பெற்றுவிட்ட ஓர் இரத்தக்காட்டேரியை அடக்குவதற்காக உருவான பாத்திரம். திருச்சபை வரலாற்றைவிடத் திகில் திரைப்படங்களுக்கே அவர் நெருங்கிய உறவினர். கவசமும் உண்டு, காயமாற்றும் மந்திரமும் உண்டு என்றான பின் மந்திரவாளும் அவருக்கே போனால் போர்வீரனாக ஆட எவர் வருவார்? ஆட்டத்தின் சமநிலைக்காகவே வாள் பறிக்கப்பட்டது என்பது எம் கணிப்பு. பறித்ததற்கு ஒரு நியாயம் வேண்டியிருந்தது. அதை வரலாற்றிடம் கடன் வாங்கினார்கள்.

1978இல் வந்த ஆட்டக்காரர் கையேடு, இக்குருமாரை இடைக்காலத் துறவுப்படைகளோடு ஒப்பிடுகிறது. அப்படைகளுள் புகழ்பெற்ற டெம்ப்ளர் வீரர்களின் ஒழுங்குமுறை நூல் இன்றும் கிடைக்கிறது. ஒவ்வொருவருக்கும் வழங்க வேண்டிய படைக்கலங்களின் பட்டியல் அதிலுண்டு. துருக்கியக் கதை அதிலிருக்கிறது. வாளும் ஈட்டியும் கூடவே இருக்கின்றன.

சங்கிலி ஆயுதத்தின் வரலாறு இன்னும் விந்தையானது. ஓவியர்கள் தீட்டுவதும் கணினி ஆட்டங்கள் காட்டுவதும் ஒரு கையளவுப் பிடி, ஒரு சங்கிலி, அதன் நுனியில் முட்கள் நிறைந்த இரும்புருண்டை. மேற்கு ஐரோப்பாவின் இடைக்காலச் சான்றுகளில் அதைக் காண்பது அரிது. அருங்காட்சியகங்களில் தொங்குபவற்றுள் சில, இடைக்கால மோகம் பிடித்திருந்த 19ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டவை. கிழக்கே, உருசிய நிலங்களில், தோல்வாரின் நுனியில் எலும்பு அல்லது உலோகக் குண்டைக் கட்டிய ‘கிஸ்தென்’ என்ற சிற்றாயுதம் மெய்யாகவே புழங்கியது. ஆனால் அது படங்களில் வரும் முள்ளுருண்டையன்று.

உறுதியாகப் போர்க்களம் கண்டது வேறொன்று: உழவரின் கதிரடிக்கும் கோல். ஆளுயரக் கோலின் நுனியில் ஒரு குறுந்தடியை அசையுமாறு பிணைத்திருப்பார்கள். கதிர்க்கட்டின்மேல் ஓங்கி அடித்தால் குறுந்தடி தட்டையாக விழுந்து மணியை உதிர்க்கும். பிணைப்பு தளர்வாக இருப்பதால் அடியின் அதிர்ச்சி கைக்கு ஏறாது. நாளெல்லாம் அடிப்பவருக்கு அதுவே பேருதவி. யான் ஹுஸ் 1415இல் எரிக்கப்பட்ட பின், 1419 முதல் 1434 வரை பொகீமியாவில் நடந்த போர்களில் இக்கோல் இரும்புப் பட்டையும் ஆணிகளும் பெற்றது. யான் ஜிஷ்கா வண்டிகளை வரிசையாகப் பிணைத்துக் கோட்டையாக்கினார். அவற்றின் மேல் நின்ற உழவர்கள், கவசமணிந்து குதிரையேறி வந்த பிரபுக்களைத் தம் களத்துமேட்டுப் பழக்கத்தாலேயே அடித்து வீழ்த்தினார்கள். வாட்பயிற்சிக்கு ஆண்டுகள் வேண்டும். இதற்கு வேண்டியதெல்லாம் சில அறுவடைகள். ஜிஷ்கா 1424இல் இறந்த பின் அவர் இடத்திற்கு வந்த புரோகோப் ஒரு குரு என்பதையும் குறித்துவைப்போம். ஆணி அறைந்த அந்தத் தடியைக் ‘கூரற்றது’ என்று எந்தத் தராசில் வைத்து நிறுப்பது?

கதையேந்திய குரு என்றதும் எல்லோரும் காட்டுவது பேயூ நகரத்துத் துணிச்சித்திரம். ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள அந்தப் பூத்தையலில், 1066இல் ஹேஸ்டிங்ஸ் களத்தில் பேயூவின் ஆயர் ஓடோ குதிரைமேல் தடியுடன் காணப்படுகிறார். இலத்தீன் வாசகம், அவர் தடியேந்தி இளையோரை ஊக்குவித்ததாகச் சொல்கிறது. எவரையும் அடித்ததாகச் சொல்லவில்லை. மேலும், அதே துணியில் அவருடைய ஒரே தாய்க்குப் பிறந்த சகோதரரும் படைத்தலைவருமான வில்லியமும் அவ்வாறே தடியோடு நிற்கிறார். வில்லியம் குருவல்லர், குருதிக்கு அஞ்சியவரும் அல்லர். அத்தடி தலைமையின் அடையாளம் என்று கொள்வதே எமக்குப் பொருத்தமாகப் படுகிறது. சித்திரத்தைத் தைக்கச் செய்தவர் ஓடோவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அப்படியானால் தம்மை எவ்வாறு காட்ட வேண்டுமென்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

திருச்சபைச் சட்டம் என்ன சொன்னது? 451இல் கால்சிடோன் சங்கம் குருமார் படைச்சேவையில் சேர்வதையே தடுத்தது. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கத்தின் 18ஆம் விதி, குருமார் மரணதண்டனை விதிக்கலாகாது, அதை நிறைவேற்றும் இடத்தில் நிற்கலாகாது, அத்தண்டனைக்குரிய ஓலையை எழுதவும் ஆகாது என்று அடுக்குகிறது. சுடுவதும் அறுப்பதுமான மருத்துவம் கூட அவர்களில் பலருக்கு விலக்கப்பட்டது. ஆயுதத்தின் முனை கூரா மழுங்கலா என்ற பேச்சே அவ்விதியில் இல்லை.

இதற்கு ஓராண்டு முன்பு, 1214 சூலையில், பூவீன் களத்தில் நடந்தது நோக்கத்தக்கது. போவே நகர ஆயர் பிலிப், ஆங்கிலப் படையின் சாலிஸ்பரிப் பிரபுவைக் கதையால் தலையில் அடித்து வீழ்த்தினார். மன்னருடைய குருவாக இருந்து அப்போரைப் பாடிய பிரெத்தோன் வில்லியம் எழுதுகிறார்: கதை தற்செயலாகக் கையில் இருந்ததாம், அடித்த பின் ஆயர், அருகிலிருந்த வீரரொருவரை அழைத்து, வீழ்த்தியவர் நீரே என்று சொல்லிக்கொள்ளும் என்றாராம். கதை அனுமதிக்கப்பட்ட ஆயுதமென்றால் செயலை ஏன் பிறர் கணக்கில் எழுத வேண்டும்? பிறர் கண்ணுக்கு அது குற்றமாகவே படும் என்று அவர் அறிந்திருந்தார். ஆட்டவிதி அந்த அச்சத்தைத் துடைத்துவிடுகிறது. அடிக்கலாம், கொல்லலாம், வாளை மட்டும் தொடாதே என்கிறது. வரலாற்றுப் பிழை என்பதைவிட இதுவே எம்மை அதிகம் உறுத்துகிறது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, கூரற்றது மட்டுமே என்ற தடையை நீக்கிவிட்டது; நம்பிக்கை நீங்கவில்லை.

ஹேஸ்டிங்ஸ் போருக்குச் சில ஆண்டுகள் கழித்து, நார்மண்டி ஆயர்கள் வகுத்து, போப்பின் தூதர் எர்மன்ஃப்ரிட் உறுதிசெய்த தவ ஒழுங்கு ஒன்று கிடைக்கிறது. வென்ற படைக்கு, தம் சொந்தத் திருச்சபை இட்ட கழுவாய் அது. கொன்ற ஒவ்வொருவனுக்கும் ஓராண்டுத் தவம். காயப்படுத்தியவன் இறந்தானா என்று அறியாதவர், அடிபட்ட ஒவ்வொருவனுக்கும் நாற்பது நாள். எவரையும் அடிக்காமல், அடிக்க விரும்பியவர்க்கும் மூன்று நாள். வில்லாளர் மட்டும் ஆயுதத்தால் தனியே குறிக்கப்படுகின்றனர். தம் அம்புகள் எத்தனை பேரைக் கொன்றன என்று அறிய மாட்டாதவர்களாதலால் மூன்று தவக்காலங்கள். போரிட்ட, அல்லது போரிட ஆயுதம் தாங்கிய குருமாருக்குத் தனி வாசகம் இருக்கிறது: போர் அவர்களுக்கு விலக்கப்பட்டதாதலால், தம் சொந்த நாட்டில் அப்பாவத்தைச் செய்தவர் போலவே அவர்கள் தவம் செய்ய வேண்டும். கையில் இருந்தது வாளா தடியா என்று அவ்வாசகம் கேட்கவில்லை.