தலைவன் இல்லாத தலைவர்கள்

ஓசூர்க்காரரைப் பார்த்து, "உங்களுக்கு எது சொந்த ஊர்?" என்று கேட்டால் பதில் வரச் சற்று நேரமாகும். அவர் வீட்டில் பேசுவது தெலுங்காக இருக்கும், கடைத்தெருவில் தமிழ், பக்கத்து வீட்டாரோடு கன்னடம், காய்கறி வாங்கும்போது கொஞ்சம் உருது. ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதாவது கர்நாடகம். லாரிகளுக்குத்தான் அது எல்லை; மனிதர்களுக்கு அப்படி ஒன்றும் பெரிய எல்லை இல்லை. காலையில் அங்கே வேலைக்குப் போய் மாலையில் இங்கே வந்து படுக்கிறவர்களும் உண்டு. நேர்மாறாகச் செய்கிறவர்களும் உண்டு.

1970களில் சிப்காட் வந்த பிறகு இந்தக் கலப்பு இன்னும் கூடிவிட்டது. லாரி செய்கிறார்கள், மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள், கைக்கடிகாரம் செய்கிறார்கள். ரோஜாத் தோட்டத்துக்குப் பக்கத்தில் லேத்து ஓடுகிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்புக்காரரின் பிள்ளையும் ஒடிசாவிலிருந்து வந்த பையனும் ஒரே ஷிப்டில் நிற்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு விளையாட்டுக் குழுவை "நம் குழு" என்று சொல்ல வேண்டுமானால், எதை வைத்துச் சொல்வது? சென்னை 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பெங்களூர் 40 கிலோமீட்டர்தான்.

இந்தக் கேள்விக்கு 2022ஆம் வருஷத்துக் கபடிப் போட்டி ஒரு வேடிக்கையான பதிலைச் சொல்லிற்று. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். கபடி என்றால் வேறு எதுவோ என்று வாசகர்கள் மலைக்க வேண்டாம். நம் ஊர்ச் சடுகுடுதான். மண்ணில் ஆடியதை மெத்தை விரித்து, விளக்குப் போட்டு, முப்பது விநாடிக் கணக்கு வைத்து ஆடுகிறார்கள், அவ்வளவே. 1990இல் பீகிங் ஆசிய விளையாட்டில் முதன்முதலாகக் கபடி சேர்க்கப்பட்டபோது தங்கம் வென்ற இந்தியக் குழுவில் நம் ராஜரத்தினம் இருந்தார். 2014 ஜூலையில் புரோ கபடி என்ற பெயரில் பணம் போட்டு, ஏலம் விட்டு, ஊர் ஊராகக் குழு அமைக்கத் தொடங்கினார்கள். மூன்று வருஷம் கழித்து, 2017இல், தமிழ்நாட்டுக்கும் ஒரு குழு வந்தது.

அதற்கு வைத்த பெயர் 'தமிழ் தலைவாஸ்'. 'தலைவா' என்று விளிக்கும் சொல்லுக்கு இங்கிலீஷ் வால் ஒன்றை ஒட்டவைத்த பெயர். தமிழாசிரியர் யாராவது பார்த்தால் கண்ணீர் விடுவார். ஆனால் அந்தப் பெயரில் குழுவின் ஜாதகமே எழுதியிருந்தது போல் எனக்குத் தோன்றுகிறது. எல்லாரும் தலைவர்களாக இருந்துவிட்டால் ஆடுவது யார்?

முதல் தலைவர் அஜய் தாகுர். இமாசலப் பிரதேசத்துக்காரர். 2016 அக்டோபரில் ஆமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஈரானுக்கு எதிராகப் பின்தங்கியிருந்த இந்தியாவைத் தூக்கி நிறுத்தியவர். அவர் தலைமையில் 2017இல் தமிழ்க் குழு இறங்கியது. அவர் ஒருவரே அந்த சீசனில் இருநூறு புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். குழு தன் பிரிவில் கடைசி இடத்தில் நின்றது! அடுத்த சீசனிலும் அதே கடைசி இடம். 2019இல் ராகுல் சௌத்ரியையும் கொண்டுவந்தார்கள். மஞ்ஜித் சில்லர் ஏற்கெனவே இருந்தார். கபடி ரஸிகர்கள் கைதட்டக் காத்திருந்த பெயர்கள் எல்லாம் ஒரே சட்டையில் நின்றன. பன்னிரண்டு குழுக்களில் பன்னிரண்டாவது இடம்.

நடுவே நோய்க் காலம் வந்து ஒரு வருஷத்தை விழுங்கியது. எட்டாவது சீசனை 2021 டிசம்பரில் தொடங்கி, பெங்களூர் ஒயிட்பீல்டில் ஒரு பெரிய ஹோட்டலுக்குள்ளேயே வைத்து நடத்தினார்கள். பார்வையாளர் யாருக்கும் அனுமதி இல்லை. தமிழ்க் குழு அப்போது பதினோராவது. ஒரு படி ஏற்றம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

இதே காலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு கதை. பெங்களூர் புல்ஸ் குழுவில் பவன் ஷெராவத் என்ற டில்லிப் பக்கத்து இளைஞர் இருந்தார். எதிரிகள் மறித்து நின்றால் சுற்றிக்கொண்டு போகிற வழக்கம் அவருக்கு இல்லை. தலைக்கு மேலே தாவிவிடுவார். 2019 ஜனவரி 5ஆம் தேதி பம்பாயில் நடந்த இறுதி ஆட்டத்தில் குஜராத்தை எதிர்த்து அவர் தனியாக 22 புள்ளிகள் எடுத்தார். புல்ஸ் 38க்கு 33 என்று ஜெயித்துக் கோப்பையை வாங்கியது. அந்த வருஷமே அடுத்த சீசனில் ஏறிப் பாடி 346 புள்ளிகள். ஒரே ஆட்டத்தில் 39! ஓசூரில் தமிழ் பேசும் பிள்ளைகள்கூட முற்றத்தில் பவனாக மாறித் தாவிக்கொண்டிருந்தார்கள் என்றால் ஆச்சரியமில்லை. தோற்றுக்கொண்டேயிருக்கும் சொந்தக்காரனைவிட ஜெயிக்கிற அயல்வீட்டுக்காரன் குழந்தைகளுக்கு உகந்தவன்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 346 புள்ளிகள் எடுத்த அந்த வருஷம் புல்ஸ் அரை இறுதியில் டில்லியிடம் தோற்றது. அடுத்த சீசனிலும் அதே அரை இறுதி, அதே டில்லி, அதே தோல்வி.

2022 ஆகஸ்டில் ஏலம். பவன் ஷெராவத்தைத் தமிழ்க் குழு 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அதுவரை எந்தக் கபடிக்காரருக்கும் கொடுக்கப்படாத தொகை. அந்த சீசனில் லீக் ஆட்டங்கள் பெங்களூர், புனா, ஹைதராபாத் ஆகிய மூன்று ஊர்களில் மட்டுந்தான். சென்னையில் ஒன்றுகூட இல்லை. ஆகவே தமிழ்க் குழுவின் முதல் ஆட்டத்தைப் பார்க்கத் தமிழ்நாட்டிலேயே மிக வசதியாக இருந்த ஊர்களில் ஒன்று ஓசூர். பஸ் ஏறினால் கண்டீரவா அரங்கம். ஜூஜுவாடியைத் தாண்டிப் போய்த் தமிழ்க் குழுவைப் பார்க்க வேண்டும். அதிலே பெங்களூரின் பழைய நாயகன் தமிழ்ச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பார்!

அக்டோபர் 8ஆம் தேதி குஜராத்துடன் ஆட்டம். முதல் பாதி முடியவில்லை. குஜராத்துக்காக ஏறிப் பாடி வந்த சந்திரன் ரஞ்சித்தைப் பிடிக்கப் போன பவனின் முழங்கால் மடங்கிவிட்டது. ரஞ்சித் யார் தெரியுமா? தமிழ்நாட்டுப் பிள்ளை. ஹரியானாக்காரர்கள் நிறைந்த தமிழ்க் குழுவின் நாயகனை, குஜராத்துச் சட்டை போட்ட தமிழனைப் பிடிக்கப் போனபோது விதி பிடித்துக்கொண்டது. நாவலில் இப்படி எழுதினால் பத்திரிகாசிரியர், "கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டதே, ஐயா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். பவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அந்த சீசனில் அவர் மெத்தையில் கால் வைக்கவே இல்லை. ஆட்டம் 31க்கு 31 என்று சமமாக முடிந்தது.

அடுத்தடுத்துத் தோல்விகள் வந்தன. பயிற்சியாளர் மாறினார், அஷன் குமார் என்பவர் பொறுப்பேற்றார். அவர் கையில் என்ன இருந்தது? சாகர், சாஹில் போன்ற இளம் பிடிகாரர்கள், அஜிங்க்ய பவார், பிறகு நரேந்தர் என்ற பையன். அதற்கு முன் புரோ கபடியில் ஓர் ஆட்டம்கூட ஆடாதவன். அவன் அந்த சீசன் முடிவதற்குள் 240 புள்ளிகளுக்கு மேல் எடுத்துவிட்டான்.

உலகத்தில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் போகவில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து ரஸிகர்கள் 1980ஆம் வருஷத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் குழுவின் தூண், கரீம் அப்துல் ஜப்பார், இறுதிப் போட்டியின் ஐந்தாவது ஆட்டத்தில் கணுக்கால் பிசகி ஊரிலேயே தங்கிவிட்டார். ஆறாவது ஆட்டத்துக்கு பிலடெல்பியாவுக்குப் பறந்த குழுவில் மாஜிக் ஜான்ஸன் என்ற இருபது வயதுப் பையன் கரீமின் இடத்தில் போய் நின்று 42 புள்ளிகள் எடுத்தான். கோப்பை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்தது. ஆனால் அந்தக் குழுவுக்குத் தூண் இல்லாமல் போனது ஒரே ஓர் இரவு. நம் குழுவுக்கோ ஒரு சீசன் முழுவதும்.

தமிழ்க் குழு அந்த முறை ஐந்தாவது இடத்தில் வந்து, முதன்முதலாக இறுதிக்கட்ட ஆட்டங்களுக்குள் நுழைந்தது. டிசம்பர் 13ஆம் தேதி பம்பாயில் உத்தரப் பிரதேசக் குழுவுடன் ஆட்டம். தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டும். 36க்கு 36. சமம்! அப்போது ஒரு விதி உண்டு. இரு தரப்பிலும் ஐந்து ஐந்து முறை ஏறிப் பாட வேண்டும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஆள். யாரும் அவுட்டாகி வெளியே போவதில்லை. புள்ளி மட்டும் எழுதிக்கொள்வார்கள். எவ்வளவு பெரிய சூரனானாலும் அவனுக்கு ஒரே ஒரு முறைதான். மற்ற நான்கு பேர் என்ன செய்வார்கள் என்பதுதான் கேள்வி. ஐந்து வருஷமாக ஒருவனையே நம்பிக் கடைசியில் நின்ற குழுவுக்கு இதைவிடக் கடுமையான பரீட்சையை யாரும் வைத்திருக்க முடியாது. ஐந்து பேரும் போனார்கள். ஆறுக்கு நாலு என்று தமிழ்க் குழு ஜெயித்தது.

பதினைந்தாம் தேதி அரை இறுதிகள் இரண்டும் ஒரே மாலையில். அந்த டிசம்பரில் நான் ஓசூரில் இருந்தேன். சிப்காட் பக்கத்து டீக்கடையில் சின்ன டெலிவிஷன் ஒன்று. அதைச் சுற்றி ஷிப்டு விட்டு வந்த கூட்டம். முதலில் பெங்களூர் புல்ஸ் ஜெய்ப்பூரிடம் 49க்கு 29 என்று பரிதாபமாகத் தோற்றது. கடையில் பாதிப் பேருக்கு முகம் தொங்கிப் போயிற்று.

காவேரிப்பட்டினத்துப் பையன் ஒருவன், பக்கத்தில் இருந்த கன்னடக்கார சூப்பர்வைசரைப் பார்த்து, "என்ன அண்ணா, உங்க டீம் போச்சே. இனிமே எங்க டீமுக்குத்தான் நீங்க கத்தணும்" என்றான்.

"கத்தறேன் தம்பி. பவன் எங்க ஆளுதானே? அவன் சேர்ந்த டீம், பாதி எங்களுது" என்றார் அவர்.

"பவன்தான் ஆடலையே அண்ணா!"

"ஆடலைன்னா என்ன? டீம் ஆடுதில்ல?"

கடைக்காரர் அவருக்குக் காசு வாங்காமல் இன்னொரு டீ கொடுத்தார்.

இடைவேளையில் தமிழ்க் குழுதான் முன்னணியில் இருந்தது. இரண்டாம் பாதியில் புனாக் குழுவின் பங்கஜ் மோஹிதே ஏறி ஏறி வந்து அந்த முன்னணியைத் தின்றுவிட்டார். 39க்கு 37. இரண்டே புள்ளிகள். ஒரே மாலையில் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தோற்றுவிட்டன. இரண்டு நாள் கழித்து ஜெய்ப்பூர் கோப்பையை வாங்கியது. அதைப் பார்க்க அந்த டீக்கடையில் ஐந்தாறு பேர்கூட இல்லை.

பவன் 2023 அக்டோபரில் இந்தியக் குழுவுக்குத் தலைமை வகித்து ஹாங்சௌவில் ஆசியத் தங்கம் வென்றார். அதே மாதத்தில் தெலுங்குக் குழு அவரை 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் கொடுத்து ஏலத்தில் எடுத்தது. அந்த சீசனில் தெலுங்குக் குழு 22 ஆட்டங்களில் ஜெயித்தது இரண்டே இரண்டு. தமிழ்க் குழுவும் அடுத்த இரு சீசன்களில் இறுதிக்கட்டத்தின் பக்கம் வரவில்லை. 2025இல் அவரை மறுபடி தமிழ்க் குழுவே எடுத்துத் தலைவராக்கியது. இம்முறை விலை 59 லட்சத்துச் சொச்சம். சில ஆட்டங்களுக்குப் பின், செப்டம்பரில், ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி நிர்வாகம் அவரை வீட்டுக்கு அனுப்பிற்று. அவர் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தார். குழு அவர் இல்லாமல் அடுத்த ஆட்டத்துக்கு இறங்கியது.