செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வும் சமவாய்ப்புச் சோதனை முறையும்

செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வு என்பது காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யின் பயனை அறிய 1968ஆம் ஆண்டு தமிழகத்தில் தொடங்கப்பட்ட களச் சோதனை ஆகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை ஆகியவற்றின் துணையுடன் இதை நடத்தியது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் சென்னை நகரைச் சூழ்ந்திருந்தது. இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள மாங்காடும், திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள பூவிருந்தவல்லி, ஆவடி ஆகிய ஊர்களும் அப்போது அதில் அடங்கியிருந்தன. மாவட்டத்தின் ஒரு பகுதியில், திருவள்ளூரை ஒட்டிய ஊர்களில் ஆய்வு நடைபெற்றது. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் பங்கேற்ற இந்த ஆய்வின் முடிவு பலரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. அந்த முடிவை நம்பத்தக்கதாக ஆக்கியது சமவாய்ப்பு ஒதுக்கீடு என்னும் முறையே ஆகும்.

சமவாய்ப்பு ஒதுக்கீடு

ஒரு மருந்தை யாருக்குத் தருவது என்று மருத்துவர் தேர்ந்தெடுத்தால், உடல் தேறக்கூடியவர் என்று அவர் கருதுவோருக்கே அது போய்ச் சேரக்கூடும். நோயாளி தாமே முன்வந்தால், வசதியும் விழிப்புணர்வும் உள்ளவரே முதலில் வருவர். இரு நிலையிலும், குணமானது மருந்தாலா அல்லது பிற காரணங்களாலா என்று பிரித்தறிய முடியாது. குலுக்கல் போன்ற முறையில் பங்கேற்பாளரைப் பிரித்தால், வயது, உணவு, வறுமை, அறியப்படாத பிற காரணிகள் ஆகிய அனைத்தும் இரு குழுக்களிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவும்.

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1920களில் ரொனால்டு ஃபிஷர் வயல் சோதனைகளுக்காக இம்முறையை வகுத்தார். பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் காசநோயாளிகளிடம் சோதித்தபோது, ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் இதை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். அந்த ஆய்வு 1948இல் வெளியானது.

விலங்கு ஆய்வுக்கும் இதே விதி பொருந்தும். கூண்டிலிருந்து முதலில் கைக்கு அகப்படும் விலங்கு சோர்ந்ததாகவோ சாதுவானதாகவோ இருக்கலாம். பிடித்த வரிசையிலேயே குழு பிரித்தால் தொடக்கத்திலேயே ஒரு குழு நலிந்துவிடும். கூண்டு மேல் தட்டில் உள்ளதா, கீழ்த் தட்டில் உள்ளதா என்பதும் வெளிச்சத்தையும் வெப்பத்தையும் மாற்றும். ஆகவே விலங்குகளும் கூண்டுகளின் இடமும் சமவாய்ப்பு முறையில் ஒதுக்கப்படுகின்றன.

சென்னையின் முன்னோடி ஆய்வு

செங்கல்பட்டு ஆய்வுக்கு முன்பே சென்னையில் இம்முறை வேரூன்றியிருந்தது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் காசநோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்து ஓய்வும் சத்துணவும் தருவதே சரியான மருத்துவம் எனக் கருதப்பட்டது. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற படுக்கைகள் நாட்டில் இல்லை.

வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு 193 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மறு பிரிவினர் தங்கள் வீட்டிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு உட்கொண்டனர். 1959இல் வெளியான முடிவின்படி, ஓராண்டு இறுதியில் வீட்டில் இருந்தோரில் 86 விழுக்காட்டினருக்கும் சானடோரியத்தில் இருந்தோரில் 92 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. நெரிசலான வீட்டில், குறைந்த உணவில் இருந்தும் கிடைத்த பலன் அது. வீட்டில் உடன் இருந்தோருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை என்பதும் தொடர் ஆய்வில் தெரிந்தது. வேலையையும் குடும்பத்தையும் விட்டு நோயாளி பிரிந்து போகவேண்டிய கட்டாயம் இதன்பின் உலகெங்கும் தளர்ந்தது.

தடுப்பூசி பற்றிய விவாதம்

கால்மெட், கேரன் ஆகிய பிரெஞ்சு அறிவியலாளர்கள் உருவாக்கிய பி.சி.ஜி. 1921இல் முதன்முதலாக மனிதருக்குத் தரப்பட்டது. இந்தியாவில் 1948இல் இப்பணி தொடங்கியது. அவ்வாண்டிலேயே சென்னை கிண்டியில் தடுப்பூசித் தயாரிப்புக் கூடமும் நிறுவப்பட்டது. 1955இல் இராஜாஜி இத்தடுப்பூசி இயக்கத்தை வெளிப்படையாக எதிர்த்தார். அரசும் மருத்துவர்கள் பலரும் இயக்கத்தை ஆதரித்தனர்.

வெளிநாட்டுச் சான்றுகளும் ஒன்றுபடவில்லை. பிரித்தானியப் பள்ளி மாணவரிடையே நடந்த சோதனையில் ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்புக் கிடைத்தது. அமெரிக்காவின் சில பகுதிகளில் நடந்தவற்றில் பயன் மிகக் குறைவாக இருந்தது. எனவே நோய் மிகுந்த ஓர் இந்தியப் பகுதியில் பெரிய அளவில் சோதிப்பது தேவையாயிற்று.

ஆய்வின் அமைப்பும் முடிவும்

ஒரு மாதக் குழந்தை முதல் முதியோர் வரை அனைவரும் சேர்க்கப்பட்டனர். 1968 முதல் 1971 வரை சேர்க்கை நடந்தது. ஒவ்வொருவரும் சமவாய்ப்பு முறையில் மூன்றில் ஒரு பிரிவில் வைக்கப்பட்டனர். முதல் பிரிவினர் 0.1 மில்லிகிராம் அளவும், இரண்டாம் பிரிவினர் 0.01 மில்லிகிராம் அளவும் பெற்றனர். மூன்றாம் பிரிவினருக்கு மருந்தற்ற போலி ஊசி போடப்பட்டது. பிரெஞ்சு வகை, டேனிஷ் வகை என இருவகைத் தடுப்பூசிகள் பயன்பட்டன. யாருக்கு எது போடப்பட்டது என்பது ஊசி போட்டவருக்கும் போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர்தோறும் மறு ஆய்வு நடத்தி, எக்ஸ் கதிர்ப்படம், சளிப் பரிசோதனை ஆகியவற்றால் புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டனர்.

ஏழரை ஆண்டுக் கணக்கு 1979இல் வெளியானது. சளியில் கிருமி உள்ள நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுத்ததாகத் தெரியவில்லை. போலி ஊசிக் குழு இல்லாதிருந்தால், தடுப்பூசி போட்டோரில் பெரும்பாலோர் நோயின்றி இருப்பதையே அதன் வெற்றியாகக் கொண்டிருப்பர். 1980இல் கூடிய நிபுணர் குழு ஆய்வின் அமைப்பைச் சீர்தூக்கிப் பார்த்தது. முடிவைத் தள்ளிவிடத்தக்க குறையை அது காணவில்லை. பதினைந்து ஆண்டு முடிவு 1999இல் வந்தது. பெரியவர்களுக்குப் பயன் இல்லை. குழந்தைகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு 27 விழுக்காடு மட்டுமே. அதுவும் புள்ளியியல் நோக்கில் உறுதியற்றது.

காரணங்கள் குறித்துப் பல கருத்துகள் உள்ளன. வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் உள்ள ஒத்த இனக் கிருமிகள் முன்பே மக்களிடம் ஓரளவு எதிர்ப்பாற்றலை உண்டாக்கியிருக்கலாம் என்பது ஒன்று. தென்னிந்திய நோயாளிகளின் கிருமிகள் கினிப்பன்றிகளிடம் பிரித்தானியக் கிருமிகளைவிடக் குறைந்த வீரியம் காட்டியதை மிச்சிசன் குழுவினர் 1960இல் வெளியிட்டிருந்தனர். அதுவும் விளக்கமாக முன்வைக்கப்பட்டது.

தாக்கம்

இம்முடிவால் பி.சி.ஜி. கைவிடப்படவில்லை. குழந்தைகளின் காசநோய் மூளைச்சவ்வு அழற்சி போன்ற கடும் வகைகளை அது தடுப்பதாகப் பிற ஆய்வுகள் காட்டின. செங்கல்பட்டு ஆய்வு முதன்மையாக அளந்தது அவ்வகைகளை அன்று. ஆகவே பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் இந்தியாவில் அது போடப்படுகிறது. ஆனால் காசநோய் பரவலைத் தடுக்கத் தடுப்பூசி மட்டும் போதும் என்ற நம்பிக்கை தளர்ந்தது. நோயாளியைக் கண்டறிந்து முழுமையாகச் சிகிச்சை தருவது முதன்மை பெற்றது. அதற்கான வழியை முன்னரே காட்டியது சேத்துப்பட்டின் வீட்டுச் சிகிச்சை ஆய்வு.

மனிதரை உட்படுத்தும் ஆய்வுகளுக்கான நெறிமுறை அறிக்கையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980இல் வெளியிட்டது. மருத்துவச் சோதனைகளைப் பதிவு செய்யும் தேசியப் பதிவேடு 2007இல் தொடங்கப்பட்டது. பயன் இல்லை என்று முடியும் சோதனையும் மறைக்கப்படாமல் அனைவர் பார்வைக்கும் வர இத்தகைய பதிவு துணை செய்கிறது. திருவள்ளூர்ப் பகுதி மக்கள் ஊசிக்குக் கை நீட்டி, ஆண்டுக்கணக்கில் மறு ஆய்வுகளுக்கு ஒத்துழைத்ததால் கிடைத்த விடையும் அத்தகைய ஒன்றே.