பஸ் எல்லாருக்கும், புகை ஆருக்கு?

காரை விட்டிட்டு பஸ்ஸில போனால் நகரத்துக்கு நல்லது எண்டு நாங்கள் சொல்லுவம். சரிதான். ஆனா இரவில அந்த பஸ்ஸெல்லாம் எங்க போய் நிக்குது எண்டு கேக்கிறதில்லை.

நியூயோர்க்கின் ஹார்லெம் மக்கள் கேட்டார்கள். மன்ஹட்டனின் பஸ் டிப்போக்களில் பெரும்பாலானவை, கறுப்பின, லத்தீன் மக்கள் வாழும் வடக்குப் பகுதியிலேயே இருந்தன. அங்கே பிள்ளைகளிடையே தொய்வு நோயும் மிக அதிகம்.

1988இல் கழிவுநீர் ஆலையின் நாற்றத்துக்கு எதிராக உருவான 'வீ அக்ட்' அமைப்பு, பிறகு டிப்போக்கள் பக்கம் திரும்பியது. 1996 கோடையில் அதன் இளைஞர்கள், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு நாலு சந்திகளில் நின்று காற்றை அளந்தார்கள். பஸ்ஸையும் லொறியையும் எண்ணினார்கள். டீசல் வாகனம் கூடின சந்தியில் கரித்துகள், குறைந்த சந்தியை விடச் சுமார் 4 மடங்கு. சும்மா எண்ணினதுதான். ஆனா 'ஒரே புகை' எண்ட புலம்பல் அதோட ஆதாரமாகிட்டுது.

2000இல், இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் கீழ், போக்குவரத்து அதிகாரசபைக்கு எதிராக மத்திய அரசிடம் முறைப்பாடு போனது. பழைய டிப்போ ஒன்று இடிக்கப்பட்டு, அயலவர்களின் ஆலோசனையோடு திருத்திக் கட்டப்பட்டு, 2014இல் திறக்கப்பட்டது. புகை குறைந்தது, டிப்போ மட்டும் ஹார்லெமை விட்டுப் போகேல்லை.

எங்கட ஊர் டிப்போ மதிலுக்குப் பின்னால ஆர் குடியிருக்கினம்? நாங்களும் ஒருக்கா போய்ப் பாப்பம்.