80 நிமிஷப் பிரயாணம்

இரண்டு ஊர்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்டால் தேசப்படம் ஒரு பதில் சொல்லும். சரித்திரம் வேறொரு பதில் சொல்லும். சீனாவின் ஷாங்காய் நகரையும் தைவான் தீவிலுள்ள தைபே நகரையும் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் நேர்க்கோடு இழுத்தால் சுமார் 680 கிலோமீட்டர்தான். காலைப் பலகாரத்தை ஓர் ஊரில் முடித்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு மற்றோர் ஊர் போய்ச் சேரலாம். ஆனால் அந்த நேர்க்கோட்டில் 59 வருஷ காலம் வழக்கமான பிரயாணி விமானம் எதுவும் பறக்கவில்லை.

1949-ல் சீன உள்நாட்டு யுத்தத்தில் தோற்றுப்போன சியாங் கை-ஷேக்கின் சர்க்கார் தைவானுக்குப் பெயர்ந்தது. சிப்பாய்களும் குமாஸ்தாக்களும் மாணவர்களுமாகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உடன் போனார்கள். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்பதுதான் அவர்களில் பலருடைய எண்ணம். அந்த வருஷம் ஜனவரி 27-ந் தேதி, ஷாங்காயிலிருந்து தைவானின் கீலுங் துறைமுகத்துக்குப் புறப்பட்ட ‘தைப்பிங்’ என்ற கப்பல், இராத்திரி வேளையில் ஒரு சரக்குக் கப்பலுடன் மோதி மூழ்கியது. 1,500 பேருக்கு மேல் மாண்டார்கள். சீனப் புத்தாண்டுக்கு இரண்டே நாள் பாக்கி இருந்தது.

பிறகு இரு கரைகளுக்கும் நடுவே கப்பல் இல்லை, விமானம் இல்லை, நேர்த் தபாலும் இல்லை. 1987 நவம்பரில்தான், சீனாவிலுள்ள பந்துக்களைப் பார்த்து வரத் தைவான் சர்க்கார் ஜனங்களுக்கு அனுமதி கொடுத்தது. அனுமதி கிடைத்தது, வழி கிடைக்கவில்லை. தெற்கே ஹாங்காங்குக்குச் சுமார் 800 கிலோமீட்டர் போய், அங்கே விமானம் மாறி, மறுபடி வடக்கே 1,200 கிலோமீட்டர் பறக்க வேண்டும். 680 கிலோமீட்டர் 2,000 ஆகிவிட்டது!

இந்தக் கோணல் வழி நிமிர்ந்த கதையில் வேடிக்கையும் உண்டு. 2003 ஜனவரியில், ஷாங்காயில் தொழில் நடத்தும் தைவான்காரர்கள் புத்தாண்டுக்கு வீடு திரும்ப விசேஷ விமானங்கள் விட்டார்கள். 1949-க்குப் பிறகு அனுமதியோடு சீன மண்ணில் இறங்கிய முதல் தைவான் விமானங்கள் அவை. ஆனாலும் வழியில் ஒரு முறை தரையிறங்கித்தான் எழும்ப வேண்டும் என்பது நிபந்தனை. 2005-ல் தரையிறங்க வேண்டாம் என்று ஆயிற்று. ஆனால் ஹாங்காங்கின் வான எல்லைக்குள் புகுந்து வளைந்து போக வேண்டும். வெற்று வானத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு தூணைப் பிரதட்சிணம் செய்துவிட்டுப் போவதுபோல! 2008 டிசம்பர் 15-ந் தேதிதான் நேர்ப்பாதை திறந்தது. ஷாங்காய்ப் பிரயாணம் சுமார் 80 நிமிஷமாகச் சுருங்கியது.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1949-ல் இருபது வயதில் கப்பலேறிய சிப்பாய்க்கு, ஊருக்குப் போகலாம் என்று உத்தரவு வந்தபோது 58 வயது. வழியனுப்பி வைத்த தாய் இருந்தால் எண்பதை நெருங்கியிருப்பாள். எத்தனையோ பேர் வீடு தேடிப் போய்ச் சமாதியைத்தான் கண்டார்கள். நேர்ப்பாதை திறந்த அன்று அதே சிப்பாய்க்கு 79 வயது. இனி அவன் அவசரமாகப் போய்ச் சேர அங்கே யார் இருக்கிறார்கள்?

அந்த 80 நிமிஷங்களுக்கு முன்னால் 59 வருஷங்களையும் சேர்த்தால்தான் தைபேக்கும் ஷாங்காய்க்கும் உள்ள தூரம் சரியாக வரும்.