மீரா வகை விண்மீன்களும் மூலகங்களின் பிறப்பும்

1596ஆம் ஆண்டு திமிங்கில விண்மீன் குழுவிலே புதியதொரு விண்மீனைக் கண்ட டேவிட் பப்ரீசியசு என்னும் பாதிரியார், சில வாரங்களில் அது மறைந்துபோகவும் கண்டார். அது ஏறத்தாழ 11 மாதங்களுக்கொருமுறை ஒளிர்ந்து மங்குவதை 1638இல் ஒல்லாந்தரான ஒல்வார்தா உணர்ந்தார். 1662இல் எவேலியசு அதற்கு 'வியத்தகு' எனப் பொருள்படும் 'மீரா' என்ற பெயரை வழங்கினார். விண்ணுலகம் மாறாதது என்னும் பழங்கொள்கைக்கு இது மேலுமோர் அடியாயிற்று. எனினும், மீரா இனம் உணர்த்தவிருந்த பெருஞ்செய்தி பின்னும் மூன்று நூற்றாண்டுகள் காத்திருந்தது.

இவை முதுமையெய்தி, விரிந்தும் சுருங்கியும் துடிக்கும் செந்நிறப் பெருவிண்மீன்கள். மேற்பரப்பின் வெப்பநிலை குறைவாதலின் அவற்றின் வளிமண்டலத்தில் மூலக்கூறுகள் சிதையாது நிலைக்கின்றன. பெரும்பாலானவற்றின் நிறமாலையில் தைத்தானியம் ஒட்சைட்டின் பட்டைகள் தெரியும். 'எஸ்' வகை எனப்படும் சிலவற்றிலோ சிர்க்கோனியம் ஒட்சைட்டே மேலோங்கும்.

இத்தகைய 'எஸ்' வகை விண்மீன்களிலேதான், 1952இல், மவுண்ட் வில்சன் வானாய்வு நிலையத்தைச் சேர்ந்த போல் மெரில் தெக்னீசியத்தின் கோடுகளை அடையாளங்கண்டார். இம்மூலகம் 1937இலேயே, சைக்கிளோத்திரனில் தாக்குண்ட மொலிப்டினத்திலிருந்து, முதன்முதலாகப் பிரித்தறியப்பட்டது. அதன் ஓரிடமூலகங்களுள் நெடுநாள் வாழ்வதற்கும் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 42 இலட்சம் ஆண்டுகளே. விண்மீன்களின் வயதோடு ஒப்பிடின் இது கணப்பொழுது. பிறந்தபோதே அவ்விண்மீனில் அது இருந்திருப்பின் என்றோ அழிந்திருக்கும்.

மூலகங்கள் யாவும் பிரபஞ்சத்தின் தொடக்க நிமிடங்களில் உருவாயின என்னும் கமோவ் குழுவினரின் கருத்து செல்வாக்குற்றிருந்த காலம் அது. மெரிலோ அவசரப்படவில்லை, பூமியில் இன்னும் காணப்படாத, அழியாத தெக்னீசியம் ஒன்று உளதோ என்ற ஐயத்தையும் அவர் விட்டுவைத்தார். இந்த நிதானமே அவரது பெயரைப் பின்தள்ளிற்று என எண்ணத் தோன்றுகின்றது. 1957இல் பேர்பிட்ஜ் தம்பதியர், பவுலர், ஒயில் ஆகிய நால்வர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையை நினைவுகூர்வோர் பலர். அதற்குக் கண்கூடான சான்றளித்தவரை நினைவுகூர்வோர் சிலரே.

விண்மீனின் உள்ளே கருக்கள் நியூத்திரன்களை மெல்ல மெல்ல ஏற்றுப் பாரமூலகங்களாகின்றன. கொந்தளிப்பு அவற்றை மேற்பரப்புக்குக் கொணர்கின்றது. துடிப்பு வளியை வெளித்தள்ள, அது குளிர்ந்து தூசாகி விண்வெளியிற் கலக்கின்றது. அவ்வாறு பறந்த சிலிக்கன் காபைட்டு மணிகள் 1969இல் அவுஸ்திரேலியாவின் மேச்சிசன் என்னுமிடத்தில் வீழ்ந்த விண்கல்லினுள் இருந்தன. அவற்றுள் தெக்னீசியம் அழிந்து உருத்தேனியமான சுவட்டை ஆய்வாளர் 2004இல் கண்டறிந்தனர்.