தானாக வந்த ஜன்னல்

பெஹாலா வீட்டில் பையனுக்குக் கம்ப்யூட்டரைத் திறந்து கொடுக்கும்போதெல்லாம் ஓர் அமெரிக்க டீச்சர் ஞாபகம் வருகிறது.

பாப்-அப் பிறந்தது 90களின் பின்பாதியில், ட்ரைபாட் தளத்தில். ஆபாசப் பக்கத்தில் தன் விளம்பரத்தைப் பார்த்து ஒரு கார் கம்பெனி அலற, விளம்பரத்தைத் தனி ஜன்னலில் திறக்கும் நிரலை எழுதினார் ஈதன் ஸக்கர்மேன். 2014-இல் அதற்காக மன்னிப்பும் கேட்டார்.

இணையத்துக்கு அரசு மானியம் வாங்கும் பள்ளிகள் வடிகட்டி வைத்தாக வேண்டும் என்று 2000-இல் அமெரிக்கா சட்டம் போட்டது. ஆனால் 2004 அக்டோபரில், கனெக்டிகட் மாநிலம் நார்விச்சில் ஒரு பள்ளியில் வடிகட்டி காலாவதியாகிக் கிடந்தது. அன்று பதிலுக்கு வந்திருந்த ஆசிரியையின் திரையில் ஆபாச பாப்-அப்கள் கொட்டின. ஒன்றை மூடினால் இன்னொன்று. பிள்ளைகளும் பார்த்துவிட்டார்கள்.

2007 ஜனவரியில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு. 40 வருடம் வரை சிறை கிடைத்திருக்கலாம். இது ஸ்பைவேரின் வேலை என்று கணினி வல்லுநர்கள் எடுத்துச்சொன்ன பிறகு, ஜூனில் தீர்ப்பு ரத்தானது. 2008 நவம்பரில் சிறு குற்றமொன்றை ஒப்புக்கொண்டு 100 டாலர் கட்டினார். ஆசிரியர் உரிமமும் போயிற்று.

வடிகட்டி போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளை "தானா வந்துச்சுப்பா" என்றால், திட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் நம்பிப் பாருங்கள்.